காளானுக்கு ஒரு விளக்கு

என் அண்ணி காளான் வளர்க்கத் தொடங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சரித்திரம் அப்புறம் தானாக வரும்.

அண்ணன் காலமான பிறகு வருகிற குடும்பப் பென்ஷன் அரிசிக்கும் மருந்துக்கும் சரியாக இருக்கிறது. மற்றதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அண்ணி ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தாள். சிப்பிக் காளான் வித்து வாங்கினாள். வைக்கோலை வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, உலர்த்தி, நீளப் பைகளில் அடைத்து அறுபது படுக்கை கட்டினாள். கொல்லைப்புற அறையில் உத்தரத்திலிருந்து உறி கட்டுவது போல் அவற்றைத் தொங்கவிட்டாள். தங்க வளையல் ஒன்று இதற்காக அடகுக்குப் போயிற்று. இதுவரை எல்லாம் கிரமப்படிதான் நடந்தது. அப்புறம்தான் பக்கத்துவீட்டுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "காளான் இருட்டில் அல்லவா வரும்? ஜன்னலை ஏன் திறந்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். பெரியவர் சொல்லைத் தட்டலாமா? ஜன்னலுக்குக் கோணிச் சாக்கு வந்தது. கதவிடுக்குக்குப் பழந்துணி வந்தது.

இருபது நாளுக்குப் பிறகு படுக்கைகளில் காளான் புறப்பட்டது. ஆனால் தொப்பியைக் காணோம். வெளுத்துப் போன காம்புகள், விரல் விரலாக, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துக்கொண்டு நீண்டிருந்தன. நுனியில் குண்டூசித் தலை அளவுக்கு ஏதோ இருந்தது. வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்த ஓட்டல்காரர் வந்து பார்த்தார். ஒரு தட்டு காப்பியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

யாரோ, "வெளிச்சம் போதவில்லை, விளக்குப் போடுங்கள்" என்றார்கள். மின்சாமான் கடைக்காரர் ஒருவர் ஊதா நிறத்தில் எரிகிற விளக்கு ஒன்றைக் காட்டினாராம். செடி வளர்ப்பதற்கென்றே செய்தது. ஒன்று மூவாயிரம் ரூபாய். நாலு போட்டால் போதும் என்றாராம்.

"தம்பி, நீங்க ஊர்ப்பட்ட புஸ்தகமெல்லாம் படிக்கிறவங்க. எந்த பல்பு போடணும்னு பார்த்துச் சொல்லுங்களேன். இன்னும் ஒரு வளையல்தான் இருக்கு" என்றாள் அண்ணி.

பல்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது எரியும் அல்லது எரியாது என்பதுதான். ஆனாலும் மறுக்க முடியவில்லை. அந்தப் பெரியவரின் வாக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனேன். அது கடைசியில் என்னைப் பாரிஸ் நகரத்துக்கு அடியில் கொண்டுபோய் விட்டது.

காளானை மனிதன் வேண்டுமென்று பயிரிட்ட கதை சீனத்திலும் ஜப்பானிலும் பழையது. ஐரோப்பாவில் அவ்வளவு பழையதல்ல. 1600-ல் ஒலிவியே த செர் என்ற பிரஞ்சுக்காரர் எழுதிய பெரிய விவசாய நூலில் அதைப் பற்றிய பேச்சு வருகிறது. 1707-ல் தூர்னஃபோர் என்ற தாவர சாஸ்திரி பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். நகரத்துத் தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தை மேடாகக் குவித்து, மண் மூடி, வெள்ளைக் காளான் எடுக்கிற முறையை விவரமாகச் சொல்லியிருந்தார். இன்று மொட்டுக் காளான் என்று பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறதே, அதன் மூதாதைதான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த மேடுகள் குகையில் இல்லை, திறந்த தோட்டத்தில் இருந்தன. இருட்டைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பாரிஸ் நகரம் தன் வீடுகளைத் தன் காலடியிலிருந்தே தோண்டி எடுத்துக் கட்டிக்கொண்ட நகரம். நூற்றாண்டுக் கணக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டியதில் அடியிலே சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்க வழிகள். 1774-ல் ஒரு தெருவே உள்ளே இறங்கிவிட்டது. மூன்று ஆண்டு கழித்து, கல் சுரங்கங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பதினாறாம் லூயி ஓர் இலாகாவை ஏற்படுத்தினான். 1786-லிருந்து ஊர் இடுகாடுகளில் இடமில்லாமல் போன எலும்புகளைக் கொண்டுவந்து இந்தச் சுரங்கங்களின் ஒரு பகுதியில் அடுக்கினார்கள். அங்கே விளக்கு என்பது அலங்காரமல்ல, உயிர். ஃபிலிபேர் அஸ்பேர் என்று ஒரு ஆஸ்பத்திரி வாயிற்காப்போன், 1793-ல் தனியாகக் கீழே இறங்கினவன் திரும்பி வரவில்லை. பதினோரு வருஷம் கழித்து 1804-ல்தான் கண்டெடுத்தார்கள். இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தை வைத்து ஆளை அடையாளம் சொன்னார்கள். கையிலிருந்த விளக்கு அணைந்து போயிருக்க வேண்டும்; வேறு காரணம் தேவையில்லை. அவனைக் கிடந்த இடத்திலேயே புதைத்தார்கள். கல்லறை இன்னும் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில்தான் 1810-ஐ ஒட்டி, சாம்ப்ரி என்ற தோட்டக்காரர் சாணப் படுக்கை போட்டார் என்று சொல்கிறார்கள். காளான் பிரமாதமாக வந்தது. காரணம் எளிது. மேலே கோடையில் வெயில் கொளுத்தும், மாரியில் உறைபனி விழும். இரண்டும் காளானுக்கு ஆகாது. கீழே வருஷம் முழுதும் ஒரே குளிர்ச்சி, ஒரே ஈரம். நகரத்தில் குதிரைகளுக்குக் குறைவில்லை, ஆகவே சாணத்துக்கும் குறைவில்லை. ஏணி வழியாக இறங்கி, எண்ணெய் விளக்கோடு வேலை செய்து, கூடை கூடையாகக் காளானை மேலே அனுப்பினார்கள். 'பாரிஸ் காளான்' என்ற பெயரே ஏற்பட்டது. 1900-ல் பாதாள ரயில் ஓடத் தொடங்கியது. அதற்காகத் தோண்டியதில் அநேகர் நகரத்தை விட்டு வெளியே, லுவார் நதிக்கரைச் சுண்ணாம்புக் குகைகள் போன்ற இடங்களுக்குப் போனார்கள்.

குகை கொடுத்தது குளிர்ச்சி. இருட்டு அதோடு இனாமாக வந்தது. பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாரும் அந்த இனாமுக்குத்தான் நன்றி சொன்னார்கள். காளான் என்றால் இருட்டு என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் பூ வளர்த்த சிலர், 1880-களில், கண்ணாடி வீட்டில் பூந்தொட்டி மேஜைகளுக்கு அடியில் வீணாகக் கிடந்த நிழலில் காளான் போட்டுப் பார்த்துப் பெரும் பணக்காரர்களானார்கள். அங்கேயும் இருட்டு அறைதான். பழமொழிக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது.

சாட்சியெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மொட்டுக் காளானுக்கு வெளிச்சம் வேண்டியதே இல்லை, அது உண்மை. அந்த ஒரு ஜாதியின் குணத்தை எல்லாக் காளான் தலையிலும் ஏற்றியதுதான் பிசகு. ஒட்டகம் பல நாள் தண்ணீர் குடிக்காமலிருக்கும் என்பதைப் பார்த்துவிட்டுப் பசுவைப் பட்டினி போடுவது போல.

இதற்கு நேர்மாறான சாட்சியும் வெகு நாளாக இருந்துதான் வந்தது. ஆனால் அது சமையலறைக்கு வந்து சேரவில்லை. 1791-ல் இருபத்தொரு வயது இளைஞன் ஒருவன் ஜெர்மனியில் ஃப்ரைபெர்க் என்ற ஊர்ச் சுரங்கக் கல்லூரியில் சேர்ந்தான். பிற்காலத்தில் தென் அமெரிக்காவைச் சுற்றி உலகப் புகழ் பெற்ற அலெக்ஸாண்டர் ஹும்போல்ட் அவன்தான். வெள்ளிச் சுரங்கத்தில் இறங்குவதுதான் அவன் படிப்பு. இறங்கிய இடத்தில் கனிமத்தை மட்டும் பார்க்காமல், முட்டுக் கொடுத்திருந்த மரங்களில் முளைத்திருந்த காளான் பூஞ்சைகளையும் சேகரித்தான். 1793-ல் லத்தீனில் ஒரு புத்தகமே எழுதிவிட்டான். சூரியன் எட்டாத இடத்துத் தாவரங்களைப் பற்றிய புத்தகம்! இருபத்துநாலு வயதில் நானும் ஒரு நாவல் எழுதினேன். அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சுரங்கத்து மரங்களில் வளர்கிற காளான்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. மான்கொம்பு மாதிரிக் கிளை விட்டு நீளும், தொப்பி இராது. மேலே வெளிச்சத்தில் அழகாகக் குடை பிடிக்கிற ஜாதியேதான் கீழே இப்படிக் கொம்பாகிவிடுகிறது. அது தெரியாமல், புது ஜாதி என்று தனிப் பெயர் சூட்டியவர்களும் உண்டு. அண்ணியின் கொல்லைப்புற அறையில் நான் பார்த்த அதே உருவம்தான்.

இந்தக் கொம்புக்குக் காரணம் இருட்டுதான் என்பதைச் சோதனை செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் புல்லர். பர்மிங்ஹாமில் பிறந்து, 1904-ல் கானடாவில் வின்னிபெக் நகரத்துக்குப் பேராசிரியராகப் போனவர். ரயில்பாதைக் கட்டைகளையும் சுரங்க மரங்களையும் தின்கிற ஒரு காளானை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்திலும் இருட்டிலும் வளர்த்துப் பார்த்து 1905-ல் எழுதினார். இருட்டில் கொம்பு, வெளிச்சத்தில் தொப்பி. இளம் காம்பு வெளிச்சம் வரும் திசை பார்த்து வளைகிறது. தொப்பி விரியத் தொடங்கிய பிறகு வெளிச்சத்தை மறந்து பூமியின் இழுப்பை மட்டும் பார்த்து நிமிர்கிறது. நினைத்துப் பார்த்தால் நியாயமாக இருக்கிறது. காளான் என்பது பழம். மரமெல்லாம் உள்ளே இழையாக ஓடுகிறது. பழம் எதற்கு? வித்தைக் காற்றில் தூவுவதற்கு. மரக்கட்டைக்குள் இருக்கிற இழைக்கு, தான் வெளிக்காற்றுக்கு வந்துவிட்டோமா, இன்னும் பொந்துக்குள்ளேயே இருக்கிறோமா என்று எப்படித் தெரியும்? வெளிச்சம் பட்டால் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம். வெளிச்சம் இல்லையென்றால் இன்னும் நீள வேண்டும். ஆகவே நீள்கிறது. அண்ணியின் அறுபது படுக்கையும் சாக்கு மூடிய அறையில் வாசலைத் தேடிக்கொண்டிருந்தன.

இந்தப் புல்லர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஓட்டலில் குடியிருந்தவர். வெளிச்சத்தைவிட வேகமாகப் பயணம் போய், புறப்பட்டதற்கு முந்தின இரவே வீடு திரும்பிய ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதிய ஐந்து வரி வேடிக்கைப் பாட்டு 1923-ல் லண்டன் 'பஞ்ச்' பத்திரிகையில் வந்தது. ஆராய்ச்சி நூல்களை ஆறேழு பாகம் எழுதிய மனிதரை உலகம் அந்த ஐந்து வரிக்காகத்தான் அதிகம் ஞாபகம் வைத்திருக்கிறது. எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

வெளிச்சம் வேண்டும் என்று தெரிந்தது. எந்த வெளிச்சம்? அண்ணியின் கேள்வி உண்மையில் இதுதான்.

இதற்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் பௌதிக சாஸ்திரி மாக்ஸ் டெல்ப்ரூக். 1932-ல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் 'ஒளியும் உயிரும்' என்று ஒரு பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டு, பௌதிகத்தை விட்டு உயிர் நூலுக்கு வந்தவர் இவர். கிருமிகளைத் தின்கிற வைரஸைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1969-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் 1950-களிலிருந்தே அவர் மனம் போயிருந்தது ஒரு பூஞ்சணத்தின் மேல். மயிரிழை போன்ற காம்பு விடுகிற பூஞ்சணம் அது. வெளிச்சம் வரும் பக்கம் சாயும். நட்சத்திர வெளிச்ச அளவுக்கும் சாயும். அதைவிடக் கோடி மடங்கு அதிகமான வெளிச்சத்துக்கும் சாயும். நம் கண்ணுக்குச் சற்றும் சளைத்ததல்ல. ஆனால் சிவப்பு வெளிச்சம் மட்டும் அதற்குத் தெரியவே தெரியாது. போட்டோ பிடிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் செய்ததுபோல், ஆராய்ச்சிசாலையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள்; பூஞ்சணத்துக்கு அது அமாவாசைதான். அதற்குத் தெரிந்தது நீலம்.

அந்த நீலத்தை உணரும் பொருள் எது என்று தெரிய அவர் காலம் போதவில்லை, 1981-ல் இறந்துபோனார். 1996-ல் ரோமாபுரியில், ரொட்டியில் பிடிக்கிற ஆரஞ்சு நிறப் பூஞ்சணத்தில் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது கெட்டுப்போனால் பூஞ்சணத்தின் தலை மட்டும் ஆரஞ்சு நிறமாகவும் கீழே வெள்ளையாகவும் இருக்கும். அதனால் 'வெள்ளைக் காலர்' என்று முன்பே பெயர் வைத்திருந்தார்கள். ஆபீசுக்குப் போகிறவர்களுக்கும் ஆங்கிலத்தில் அதே அடைமொழிதான். 2005-ல் ஜப்பானியர்கள் சாணக் காளான் ஒன்றில் தேடினார்கள். நல்ல வெளிச்சத்தில் வைத்தாலும் இருட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு காம்பாகவே நீள்கிற ஒரு குருட்டு ரகம் அவர்களிடம் இருந்தது. அதில் கெட்டுப்போயிருந்தது இந்த வெள்ளைக் காலரின் உறவுதான். அடுத்த வருஷம் டெல்ப்ரூக்கின் பூஞ்சணத்திலும் அதே உறவு அகப்பட்டது.

ஆகக் காளானுக்கு வேண்டியது நீலம். அதுவும் சாப்பாட்டுக்கு அல்ல. செடி வெளிச்சத்தைச் சாப்பிடுகிறது. இலையில் பச்சையம் இருக்கிறது. காளானுக்குப் பச்சையம் ஏது? அதன் சாப்பாடு வைக்கோல். வெளிச்சம் அதற்கு ஒரு சேதி. சேதி சொல்ல மத்தாப்புக் கொளுத்த வேண்டியதில்லை. கதவைத் தட்டினால் போதும்.

நம் ஊர்க்காரர்களும் இந்தக் கதையில் உண்டு. கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் தாமஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 1943-லேயே வைக்கோல் காளான் வளர்த்து எழுதியிருக்கிறார்கள். சிப்பிக் காளானை நெல் வைக்கோலில் வளர்க்கும் வழியை மைசூர் உணவு ஆராய்ச்சிசாலையில் ஸாகியா பானு அம்மையாரும் ஸ்ரீவாஸ்தவாவும் 1962-ல் வெளியிட்டார்கள். அண்ணியின் படுக்கைகள் அந்த வம்சம். 1990-களின் கடைசியில் தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகம் பால் காளானைப் பரப்பியபோது, பாதி பூமிக்குள் இறக்கிய குடில் கட்டி, மேலே நீல நிறத் தார்ப்பாய் போடச் சொன்னார்கள். அந்த நீலம் வெயிலை மறைக்க மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இனி பல்புக்கு வருகிறேன். பழைய குண்டு பல்பு, வாங்குகிற மின்சாரத்தில் 100-க்கு 90 பங்குக்கு மேல் உஷ்ணமாக்கிவிடும். கிடைக்கிற வெளிச்சமும் மஞ்சளும் சிவப்பும்தான், நீலம் கொஞ்சம். அறை காய்ந்து போகும், காளானுக்குச் சேதியும் சரியாகப் போகாது. 1938-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டியூப் லைட் இதற்கு எவ்வளவோ மேல். நீலமும் உண்டு, சூடும் குறைவு. அப்புறம் வந்ததுதான் எல்.இ.டி. சிவப்பும் பச்சையும் 1960-களிலும் 70-களிலுமே வந்துவிட்டன. பளிச்சென்று எரியும் நீலம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. 1993-ல் ஜப்பானில் நகமுரா அதைச் செய்து காட்டினார். அகாசாகி, அமானோ இருவரோடு சேர்த்து 2014-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரு நீல விளக்குக்கு எதற்கு இவ்வளவு பெரிய பரிசு? வெள்ளை வெளிச்சத்துக்கு அதுதான் வழி. இன்று நம் வீட்டில் எரிகிற வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது நீல விளக்குதான். மேலே பூசிய மஞ்சள் மருந்து அதில் ஒரு பகுதியை மாற்றி வெள்ளையாகக் காட்டுகிறது. மருந்து குறைவாக இருந்தால் நீலம் கலந்த பளீர் வெள்ளை. பெட்டியில் 6,500 கெல்வின் என்று போட்டிருக்கும். அதிகமாக இருந்தால் மஞ்சள் வெள்ளை, 2,700 அல்லது 3,000. கடையில் பத்துப் பேரில் ஒருவர்கூட இந்த எண்ணைப் படிக்கமாட்டார்கள். காளான் படிக்கும்.

அந்த ஊதா விளக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதில் பாதி சிவப்பு, பாதி நீலம். சிவப்பு பச்சையத்துக்காகச் சேர்த்தது. காளானுக்கு அந்தப் பாதி அமாவாசை. பன்னிரண்டாயிரத்தில் ஆறாயிரம் வீண் என்று அண்ணியிடம் கணக்குச் சொன்னேன். மீதி ஆறாயிரமும் வீண்தான்; நீலம் நூறு ரூபாய் பல்பிலேயே இருக்கிறது.

ஆகவே 6,500 என்று போட்ட 9 வாட் வெள்ளை பல்பு இரண்டு வாங்கினோம். அறையில் ஈரம் சொட்டுவதால் தண்ணீர் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் போட்டு, எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஒயரைச் சுவர் உயரத்தில் ஓட்டினோம். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பகலில் பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும், அறைக்குள் நின்று தினசரிப் பத்திரிகை படிக்க முடிந்தால் போதும் என்று சொன்னேன். வைக்கோலில் வித்து பரவுகிற முதல் பதினைந்து நாளுக்கு விளக்கே வேண்டாம். மொட்டு வருகிற சமயத்தில்தான் வேண்டும்.

ஜன்னல் சாக்கை எடுக்கச் சொன்னேன். அண்ணி தயங்கினாள். "விளக்குதான் போட்டாச்சே?" என்றாள். காளானும் மூச்சு விடுகிறது. விட்ட மூச்சு அறையிலேயே தேங்கினாலும் காம்பு நீளும், தொப்பி சுருங்கும். நான் இத்தனை நேரமும் குற்றத்தை முழுக்க இருட்டின் மேல் போட்டுக்கொண்டு வந்தேன். அந்தச் சாக்கு வெளிச்சத்தோடு காற்றையும் சேர்த்துத்தான் அடைத்திருந்தது. ஜப்பானில் நகானோ பக்கத்தில் இந்தத் தந்திரத்தை வேண்டுமென்றே செய்கிறார்கள். எனோகி என்ற காளானைப் புட்டிகளில் வைத்து, வாயைச் சுற்றி நீளக் காகிதச் சட்டை போட்டு, மங்கலான குளிர் அறையில் வளர்க்கிறார்கள். காட்டில் பழுப்பாகக் குட்டைக் காம்போடு வருவது, நூல் நூலாக வெள்ளை வெளேரென்று நீண்டு வருகிறது. அதற்கு அங்கே கிராக்கி. அண்ணி செய்த பிழையை அங்கே தொழிலாக வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"அந்த ஊர் ஓட்டல்காரர் விலாசம் இருக்கா?" என்று கேட்டாள்.

சாக்கை எடுத்துவிட்டுக் கொசுவலை அடித்தோம். படுக்கைகளில் பாதியைத் தூக்கி எறிந்தாயிற்று. மீதியில் முதல் காய்ப்பை வழித்து எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்து விட்டிருந்தாள். எட்டு ஒன்பது நாளில் அடுத்த மொட்டு கிளம்பியது. போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில், சிப்பி சிப்பியாக, உள்ளங்கை அகலத்துக்குத் தொப்பிகள். ஒரே ஒரு குறை. எலெக்ட்ரீஷியன் சௌகரியம் பார்த்து இரண்டு பல்பையும் வாசற்படிப் பக்கமாகவே மாட்டியிருந்தான். உள்ளே இருந்த கொத்துகள் எல்லாம் வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. அண்ணி அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. பறிப்பதற்கு வசதியாக இருக்கிறதாம்.

ஓட்டல்காரர் திரும்ப வந்தார். இந்தத் தடவை காப்பியோடு நாலு கிலோவும் எடுத்துக்கொண்டார். வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. தொப்பியில்லாத முதல் காய்ப்பில் கொஞ்சத்தை அண்ணி மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.